குடைக்காரன் காட்சியை எழுதியவள்

நான்தான் சொன்னேன்.

சுகந்தியின் நாடகத்தில் வருகிற குடைக்காரன் நீங்கள்தான் என்று செயலாளர் ஐயாவின் காதில் போட்டவள் நான்தான். அதைவிடக் கேவலமானது ஒன்றும் உண்டு… அந்தக் காட்சியை எழுதியவளும் நானே!

இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. கணவரிடம் இல்லை. ஆலயத்தில் முழங்காலிட்டுத் தவறுகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லும்போதுகூட, இந்த இடம் வந்ததும் தாண்டிப் போய்விடுவேன். உங்களிடம் சொல்லத் துணிவு எங்கிருந்து வந்தது? நீங்கள் என்னை அறியாதவர் என்பதாலா? மன்னிக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை என்பதாலா? தெரியவில்லை.

சித்தூரில், மிஷன் காலத்துக் கல் கோயிலுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த கூடம் ஒன்று இருந்தது. ஞாயிறு காலை தெலுங்கு ஆராதனை முடிந்து அவர்கள் வெளியே வருவார்கள். தமிழ் ஆராதனைக்கு நாங்கள் உள்ளே போவோம். படியில் உரசிக்கொள்ளும் அந்தச் சற்று நேரத்தில் இரண்டு மொழிகளும் ஒரே வாயில் புரளும். மாம்பழக் காலத்தில், பழக்கூழ் ஆலைகளுக்குப் போகும் லாரிகள் சாலையோரம் வரிசை கட்டி நிற்க, பழுத்துப் புளித்த வாசனை கூடத்துச் சன்னல் வழியே வந்து எங்கள் பாட்டுப் பயிற்சியின் மேல் படியும். இன்றைக்கும் அந்த வாசனை எங்காவது வந்தால், கல்லூரி முடித்து வேலைக்குக் காத்திருந்த அந்தப் பெண்ணாகிவிடுகிறேன்… ஆனால் ஒரு கணம்தான். மறுகணம் மற்றதெல்லாம் வந்துவிடும்.

நாங்கள் மூவர். நான் ஜெமிமா. சுகந்தி என் தோழி. அவளுடைய நைனா, அதாவது அப்பா, கோயில் மணி அடித்து, விளக்கும் பாயும் பார்த்துக்கொண்டிருந்தார். வளாகத்துக்குள்ளேயே இருந்த சிறிய வீட்டில் அவர்கள் குடியிருந்தார்கள். மூன்றாமவன் டேனியல். சபைச் செயலாளரின் தங்கை மகன். சுகந்தியைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். இரண்டு வீட்டாருக்கும் அது தெரியும். நிச்சயம் செய்யவில்லை, அவ்வளவே.

கூடத்து அலமாரியில், எப்போதோ இருந்த ஒரு போதகர் விட்டுப்போன புத்தகங்களுக்கு நடுவே அந்த நாவல் கிடைத்தது. அட்டை இல்லை. முதல் தாள்கள் இல்லை. பெயர் என்ன, எழுதியவர் யார்… இன்றுவரை எனக்குத் தெரியாது. மிகப் பழைய நடை. சுகந்தி அதை உரக்கப் படிப்பாள், நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். என்ன குரல் அவளுக்கு! ராஜாவுக்கு ஒன்று, மந்திரிக்கு ஒன்று, கோட்டை வாசலில் நிற்கும் கழுதைக்கு ஒன்று!

கதை எளிமையானது. ஒரு நாட்டின் அரசன் இறந்துபோகிறான். இளவரசன் கடல் கடந்து படிக்கப் போயிருக்கிறான். அவன் திரும்பும்வரை காலியான அரியணைக்கு மேல் குடை பிடிக்க ஒருவனை நிறுத்துகிறார்கள். சாதாரண வேலைக்காரன். நாளடைவில் அவன், ‘அரியணைக்கு இன்று கோபம்’ என்கிறான். ‘அரியணை இந்த வரியை விரும்பவில்லை’ என்கிறான். பிறகு விசிறி வீசுகிறவன் கிளம்புகிறான்: ‘அரியணைக்கு எப்போது வியர்க்கும் என்பது எனக்குத்தான் தெரியும், அதன் மனம் எனக்கே புரியும்!’ நாடு குடைக் கட்சி, விசிறிக் கட்சி என்று இரண்டாகிறது. அண்ணன் தம்பிக்குள் வெட்டு, குத்து. மழைக்காலத்தில் நாட்டில் ஒருவருக்கும் குடை இல்லை… எல்லாக் குடைகளும் அரியணைக்கு! கடைசியில் இளவரசன் திரும்பி வருகிறான். அவனை எவரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. குடைக்காரன் இரக்கப்பட்டு, எச்சில் படிக்கம் ஏந்தும் வேலை போட்டுக் கொடுக்கிறான்.

படித்து முடித்த அன்று நாங்கள் சண்டை போட்டுக்கொண்டோம். இது நம் நாட்டு அரசியலைப் பற்றிய கதை என்றான் டேனியல். இல்லை, எங்கள் கல்லூரி விடுதி வார்டனைப் பற்றியது என்றேன் நான். சுகந்தி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

“நாற்காலி காலியா கீதேன்னு யாரும் பயப்படலடி. அதுல யாராவது வந்து குந்திடுவாங்களோன்னுதான் பயந்துக்கினு கீறாங்க. அதான் கதை.”

அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. அவள் அப்படித்தான். நாங்கள் கதைக்குள் ஆளைத் தேடுவோம். அவள் கதையைத் தேடுவாள்.

விளைச்சலைக் கோயிலுக்குப் படைக்கும் அவ்வருட அறுப்பின் பண்டிகைக்கு இதை நாடகமாகப் போடலாம் என்றாள். எழுதவும் தொடங்கினாள். குடைக்காரனாக டேனியல்.

அப்போது எங்கள் சபைக்குப் போதகர் இல்லை. மாற்றலாகிப் போனவரின் இடம் காலியாக இருந்தது. ‘புதுப் போதகர் வருகிற வரைக்கும்’ என்று செயலாளர் ஐயாவே எல்லாவற்றையும் பார்த்தார். நெடுநாளாக அவர்தான் செயலாளர். ஒவ்வொரு கூட்டத்திலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்தபடி, “எனக்கு இன்னா ஆசைங்க இதுல? நான் வெறும் ஊழியக்காரன். யாருன்னா ஏத்துக்கிட்டா இன்னைக்கே குடுத்துட்டுப் போய்க்கினே இருப்பேன்” என்பார். ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒருமுறை கை தூக்கியவர், மறு வருடம் சபைக் குழுவிலேயே இல்லை.

அவர் கெட்டவரா? அப்படி நான் சொல்ல மாட்டேன். என் நைனா நோயில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தினமும் கஞ்சி கொண்டுவந்தவர் அவர். எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். பிடித்த குடையை விட முடியவில்லை, அதுதான் அவர் நோய்.

நான் ஒரு காட்சி எழுதினேன். நாவலில் இல்லாத காட்சி. குடைக்காரன் மக்கள் முன்னால் கண்ணீர் விடுகிறான். ‘இந்தக் காம்பு என் தோளை அறுக்கிறது! எவராவது வாங்கிக்கொள்ளுங்கள், நான் வீட்டுக்குப் போகிறேன்!’ ஒரு கிழவன் கை நீட்டுகிறான். குடைக்காரனின் பிடி இறுகுகிறது. அவன் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைக்கிறான். கிழவன் கையை மடக்கிக்கொள்கிறான். அவ்வளவுதான்.

அதை சுகந்தியிடம் படித்துக் காட்டினேன். அவள் சிரித்துச் சிரித்து இருமினாள். பிறகு முகம் மாறியது.

“ஏய்… இது மாமா மாதிரியே கீதேடி! டேனியல் வூட்ல ஒண்ணும் நெனைக்க மாட்டாங்களா?”

“மாமான்னு யாருக்குத் தெரியும்? கண்ணாடி போட்டவங்க எல்லாரும்தான் தொடைக்கிறாங்க. ஆனா என் பேரு மட்டும் வேணாம். எங்க நைனா கமிட்டில கீறாரு. நீ எழுதினதாவே இருக்கட்டும்.”

சற்றுத் தயங்கினாள். பிறகு, “சரி, உனக்காக” என்றாள்.

உனக்காக! அந்த ஒரு சொல்லை இத்தனை வருடமாக எங்கே வைப்பது என்று தெரியாமல் அலைகிறேன்.

ஒத்திகைகள் நடந்தன. என் காட்சி வந்தபோதெல்லாம் கூடம் அதிர்ந்தது. பாட்டுக் குழுப் பெண்கள், பக்கத்துத் தெலுங்குச் சபைப் பையன்கள், எல்லோரும் சுகந்தியைச் சூழ்ந்துகொண்டார்கள். ‘பலே ராசாவு அக்கா!’ என்று ஒருவன் அவள் எழுத்தைப் பாராட்டித் தெலுங்கில் கத்தினான். அவள் என்னைப் பார்த்து மெதுவாகச் சிரிப்பாள். அது, ‘இதெல்லாம் உனக்குத்தான்’ என்கிற சிரிப்பு. எனக்கோ அது கொள்ளிக்கட்டையாகப் பட்டது.

பெயர் வேண்டாம் என்றவள் நான்தான். ஆனாலும் என் கைத்தட்டல் அவள் காதில் விழுவதை என்னால் பொறுக்க முடியவில்லை! இதற்கு என்ன பெயர் சொல்வீர்கள்? பயமும் பேராசையும் ஒரே உடம்பில் குடியிருக்க முடியும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

ஒரு மாலை செயலாளர் ஐயாவே ஒத்திகைக்கு வந்தார், எங்களுக்குச் சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு. நாங்கள் உறைந்துபோனோம். நிறுத்தவும் முடியாது. டேனியல் நடித்தான். கண்ணாடியைத் துடைத்தான்.

அவர் சிரித்தார்! உண்மையாகவே, தொடையில் தட்டிச் சிரித்தார்!

“பலே ஆளுப்பா இந்தக் குடக்காரன்! குடுக்கவே மாட்டான் போல கீதே!”

அவருக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. தன் முகத்தைத் தவிர ஊரில் உள்ள எல்லா முகங்களையும் அவர் அந்தக் கண்ணாடியில் பார்த்துவிட்டார். போகும்போது சுகந்தியின் தலையில் கை வைத்து, “நம்ம சபைல இப்டி ஒரு மூளை கீறது எனக்குத் தெரியாம போச்சேம்மா! இஸ்கூல்ல தமிழ் டீச்சர் வேல காலியா கீது, நான் பேசறேன்” என்றார்.

அந்த வேலைக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன்.

வேலைக்காகத்தான் சொன்னேன் என்று இங்கே எழுதினால் உங்களுக்கு எளிதாகப் புரியும். ஆனால் அது முழு உண்மை இல்லை. வேலைகூட ஒரு காரணம்தான். அதைவிடச் சின்னது, அதைவிட அழுக்கானது என் காரணம். அவர் கை என் தலையில் விழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்…

அந்த வாரத்திலேயே அவர் வீட்டுப் பக்கம் போனேன். குரோட்டன்ஸ் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“ஏம்மா ஜெமிமா, நாடகம் எப்டி போய்க்கினு கீது?”

“நல்லாத்தான் போவுது ஐயா… ஆனா வெளிய ஒரு மாதிரி பேசிக்கிறாங்க. எனக்கே கஷ்டமா கீது.”

“இன்னா பேசிக்கிறாங்க?”

“அந்தக் குடக்காரன்… உங்களத்தான் சொல்றாங்கன்னு. அந்தக் கண்ணாடி தொடைக்கிறது… குடுத்துட்டுப் போறேன்னு சொல்றது…”

குழாய்த் தண்ணீர் ஒரே செடியின் வேரில் கொட்டி, மண் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. அவர் கை தன்னால் கண்ணாடிக்குப் போனது. பாதியில் நின்றது.

ஐயோ, அந்தக் கை! எத்தனை வருடம் செய்துவந்த பழக்கம் அது! ஒரு மனிதன் தன்னைத் தானே முதன்முதலாகப் பார்க்கும் கணத்தை நான் எதிரில் நின்று பார்த்தேன். அதைக் காண எனக்கு என்ன அருகதை?

“சுகந்தியா எழுதினா இத?” என்றார்.

ஒரு விநாடி… ஒரே ஒரு விநாடி எனக்கு வாய்ப்பு இருந்தது.

“ஆமா ஐயா” என்றேன்.

அந்த நாவல் யாரையும் பெயர் சொல்லிக் குத்தவில்லை என்பதைப் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். எழுதியவர் குடையையும் விசிறியையும் காலி நாற்காலியையும் வைத்துவிட்டு விலகிக்கொண்டார். படிக்கிறவன் தன்னை அங்கே காணலாம், காணாமலும் போகலாம். அந்த விடுதலையைத்தான் நான் கெடுத்தேன். கதையிலிருந்து விரலை எடுத்து ஒரு மனிதனின் மார்பில் வைத்து அழுத்தினேன்.

குழு கூடியது. பெண்கள் சங்கத்தின் சார்பில் நானும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். சுகந்தியை அழைத்தார்கள். அவளுடைய நைனா வாசலில் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

“அந்தக் காட்சி புஸ்தகத்துல கீதாம்மா?” என்று என் நைனாதான் கேட்டார். ஆம், என் நைனா!

“இல்லீங்க.”

“அப்ப யார் எழுதினது?”

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். வெறுப்பு இல்லை. கேள்விகூட இல்லை. ‘பயப்படாதே’ என்று சொல்வதுபோல இருந்தது.

“நாந்தாங்க எழுதினேன்” என்றாள்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஒரு வெடிப்பு. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இன்றும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

நாடகம் நின்றது. பண்டிகை ஏலமும் பூசணிக்காயும் பாட்டுமாக வழக்கம்போல் நடந்தது. அவளுடைய நைனாவை எவரும் போகச் சொல்லவில்லை. ‘வயதாகிவிட்டது, ஓய்வு வேண்டும்’ என்று மணி அடிக்க வேறொருவரை வைத்தார்கள். புதிதாக வந்தவருக்குக் குடியிருக்க அந்த வீடு தேவைப்பட்டது. சுகந்தியின் குடும்பம் நகரி என்ற ஊருக்குப் போனது. அங்கே அவளுடைய சித்தப்பா விசைத்தறி வைத்திருந்தார்.

தமிழ் ஆசிரியை வேலை எனக்குக் கிடைத்தது. இன்னும் அந்த வேலைதான் பார்க்கிறேன்.

போகிற அன்று பேருந்து நிலையத்தில் சுகந்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். என் அழுகை பொய் என்று நினைத்துவிடாதீர்கள்… அது மெய். அதுதான் இன்னும் அருவருப்பு.

சில மாதம் கழித்து டேனியல் பள்ளி வாசலில் வந்து நின்றான். இளைத்திருந்தான்.

“நகரிக்குப் போய் வந்தேன் ஜெமிமா. மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கிறா. ‘உனக்கே தெரியும்’னு சொல்றா. எனக்கு இன்னா தெரியும்? நீ கேட்டுச் சொல்லேன்.”

எனக்குப் புரிந்துவிட்டது. மாமாவிடம் சொன்னது மருமகன்தான் என்று அவள் நினைத்துவிட்டாள். வேறு யாரை நினைப்பாள்?

“அவ மனசு மாறிட்டா போல டேனியல். விட்டுடு” என்றேன்.

விட்டுவிட்டான். குப்பம் என்ற ஊரில் கிரானைட் அறுக்கும் தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போனான். அங்கேயே மணம் முடித்தான் என்று கேள்வி. எதற்காகத் தண்டிக்கப்பட்டோம் என்று தெரியாமலே ஒரு மனிதன் இருக்கிறான், பேருந்து ஏறினால் போய்ச் சேர்ந்துவிடும் தூரத்தில்!

செயலாளர் ஐயா இறக்கும்வரை செயலாளராகவே இருந்தார். ஆனால் அதற்குப் பிறகு கூட்டங்களில் அவர் கண்ணாடியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. படுக்கையில் கிடந்தவரைப் பார்க்கப் போனேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். திடீரென்று பேசினார்.

“அந்த நாடகம்… நல்லா இருந்துச்சும்மா. நான் எவ்ளோ சிரிச்சேன்! நீ சொல்லாம இருந்திருந்தா, சிரிச்சிக்கினே போயிருப்பேன்.”

பழி சொல்லவில்லை. வெறும் ஏக்கமாகச் சொன்னார். சொன்னது நான்தான் என்று அறிந்த ஒரே மனிதர் அவர். அவரை அடக்கம் செய்த அன்று, கூட்டத்தோடு நின்று மண் போட்டபோது எனக்குள் ஒரு நிம்மதி எழுந்தது. எழுதவே கை கூசுகிறது… நிம்மதி!

போன வருடம் கண் பரிசோதனைக்காகத் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் உட்கார்ந்திருக்க, உள்ளிருந்து பெயர் அழைக்கும் குரல் கேட்டது. தெலுங்கில் ஒரு பெயர், தமிழில் ஒரு பெயர். அந்தக் குரல்! ராஜாவும் மந்திரியும் கழுதையும் குடியிருந்த குரல்!

“ஜெமிமா…?” என்று என் சீட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

கான்டீனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். “இன்னாடி இப்டி எளச்சிட்டே? மொதல்ல எதுனா துன்னு!” என்று பொங்கல் வாங்கித் தந்தாள். அவளுக்கு மணமாகி இரண்டு பிள்ளைகள். கணவர் மலையடிவாரத்தில் விடுதி ஒன்றில் வேலை பார்க்கிறார். நைனா நகரியிலேயே காலமாகிவிட்டாராம். கடைசிவரை ஞாயிறு விடிந்ததும் மணி அடிக்க எழுந்துவிடுவாராம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் பொங்கலைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தேன்.

“சுகந்தி… அன்னைக்கு ஏன் என் பேரச் சொல்லல?”

“சொன்னா உனக்கும் அந்த வேல கெடச்சிருக்காது. ரெண்டு பேரும் நடுத்தெருவுல நிக்கணுமா? நீயாவது நல்லா இருக்கட்டும்னு நெனச்சேன்.” பிறகு டம்ளரைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள். “எனக்கு வேல கெடைக்காம போனதுகூட வருத்தம் இல்லடி. டேனியல் போய் அவங்க மாமாகிட்ட சொன்னான் பாரு… அதான். எங்க வூட்டுக்காரரு நல்லவருதான், கொற சொல்லக் கூடாது. ஆனா அவன் ஏன் அப்டிப் பண்ணான்னு மட்டும் சில நேரம் தோணும். உனக்கு எதுனா தெரியுமா?”

கேட்டுவிட்டாள். நேராக, என் கண்ணைப் பார்த்து!

வாயைத் திறந்தேன். உள்ளே எல்லாம் தயாராக இருந்தது. இத்தனை வருடம் அடுக்கி வைத்த சொற்கள்.

“தெரியலடி” என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “போவுது வுடு. நீயாவது கடைசி வரைக்கும் என்கூட நின்னே.”

சித்தூர் திரும்பும் பேருந்தில், சந்திரகிரி தாண்டும்வரை நான் என்னிடமே வாதாடிக்கொண்டு வந்தேன். சொன்னால் அவளுக்கு என்ன கிடைக்கும்? பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீட்டில், இழக்க வேண்டாத ஒருவனை இழந்தேன் என்கிற புதுத் துக்கம்தானே? சொல்லாதிருப்பதே இரக்கம் இல்லையா? இப்படியெல்லாம் கேட்டுக்கொண்டேன். எவ்வளவு அழகான கேள்விகள்! ஆனால் டேனியல்? அவனுக்கு ஒரு சொல் கிடைக்க வேண்டாமா? இரக்கம் என்று நான் பெயரிட்டது, அவள் பிடித்த கையை இழந்துவிடுவேனோ என்கிற பயம்தானே?

அன்றிலிருந்து ஞாயிறுதோறும், ஆராதனை முடிந்து நான் வீட்டுக்கு வந்ததும் அவள் தொலைபேசியில் அழைக்கிறாள். பிள்ளைகளின் படிப்பு, முட்டி வலி, பழைய பாட்டு, பழைய கூடம். சில நாள் கழுதைக் குரலில் பேசிக் காட்டுகிறாள். நான் சிரிக்கிறேன். என் வாரத்தில் அதைவிட நல்ல நேரம் இல்லை. ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடுவது என்றுதான் எடுக்கிறேன்.

இன்றும் ஞாயிறுதான். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி மணி அடிக்கிறது. அவள்தான்.

எடுக்கிறேன்.

“சொல்லு சுகந்தி…” என்கிறேன்.